அக்காவின் முடிச்சுக் கயிறு

1987 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. மில்லர்புரம் வீட்டில் அன்றும் வழக்கம்போல் பல் துலக்கியதும் ஜெபம், ஜெபம் முடிந்ததும் இட்லி. பெரியப்பா வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பார். அன்று என் பெயரை விட்டுவிட்டார். முந்தின நாள் அவருடைய மைக்கூட்டைக் கவிழ்த்தவள் நான். தண்டனை நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஞாயிறுப் பள்ளியில் வசன மனப்பாடப் போட்டி. ஜெயிப்பவர் எங்கள் பக்கத்து நாசரேத் ஊரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். கோடை விடுமுறையிலிருந்தே அக்காவுக்கு அதே நினைப்பு. நடுவர் பெரியப்பா. அக்கா ஒரு வசனமும் பிசகாமல் ஒப்பித்து முடித்ததும் அவர் கேட்டார்:

"ஏளா, கையில என்னது?"

வசனத்துக்கு ஒன்றாக முடிச்சுப் போட்ட கயிறு. அப்பாவுக்குத் துறைமுகப் படகில் வேலை. கடலின் ஆழம் பார்க்கும் கயிற்றில் தோலும் துணியும் அடையாளமாகக் கட்டியிருப்பதை எங்களுக்குக் காட்டியிருந்தார். முடிச்சு யோசனையை அக்கா அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டாள்.

"மனப்பாடம்னா மண்டையில இருக்கணும். கையில இருந்தா அது காப்பி."

"வசனமெல்லாம் எனக்குள்ளதான் இருக்கு பெரியப்பா. எது முன்ன, எது பின்னன்னு மட்டுந்தான் கயிறு சொல்லுது."

பின்வரிசையில் இருந்த தாய்மாமா சும்மா இருக்கவில்லை. "அப்போ நீங்களும் கண்ணாடியக் கழத்திட்டு வாசிங்க அத்தான், பாப்போம்." பிள்ளைகள் சிரித்தார்கள். "இல்லன்னா கயித்தச் சின்னவகிட்ட குடுங்க. அதுல வசனம் இருந்தா அவளும் சொல்லுவால்லா."

கயிறு என் கைக்கு வந்தது. எல்லோரும் பார்க்க ஒவ்வொரு முடிச்சாகத் தடவினேன். ஒரு சொல்லும் வரவில்லை, அழுகைதான் வந்தது. கயிறு யாருக்காகவும் நினைப்பதில்லை; நினைக்கிறவர் பிடித்து நடக்க உதவுகிறது, அவ்வளவுதான். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பெரியப்பா கயிற்றை வாங்கி, நெடுநேரம் விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்குச் சொல்லுதேன்" என்றார். அன்று மதியம் அக்கா சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, நாங்கள் பல் துலக்கும் முன்பே பெரியப்பா அக்காவைக் கூப்பிட்டார். அவளுடைய கயிற்றைத் திருப்பிக் கொடுத்து, "இத நாசரேத்துக்கு எடுத்துட்டுப் போ" என்றார். பிறகு புதிதாக ஒரு கயிற்றை நீட்டி, தணிந்த குரலில், "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. நம்ம வீட்ல ஆளுக்கு ஒரு முடிச்சு" என்றார்.

அன்றைய ஜெபத்தில், அக்கா முடிந்து கொடுத்த கயிற்றின் மேல் அவர் விரல்கள் மெல்ல நகர்ந்தன. கடைசி முடிச்சில் என் பெயர் வந்தது. மைக்கூட்டை மன்னித்துவிட்டார் என்றுதான் அன்று நான் சந்தோஷப்பட்டேன்.