சிவப்புத் துணி கட்டிய மருதுகள்

செய்யூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் ஒரு சிவப்புத் துணிக்கிழிசல் இருந்தது. கல்பாக்கத்து அண்ணன் ஒரு நீர்மருதங்கன்றில் கட்டியது. கன்றை நான் வெட்டிவிட்டேன். துணி கையோடு வந்துவிட்டது.

அவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். விடிந்ததும் சைக்கிளில் இரண்டு கேன் தண்ணீரோடு காப்புக்காட்டு ஓடைக்கு வந்து, கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு வேலைக்குப் போவார். மருது விதைகளைப் பால் பாக்கெட்டில் முளைக்கவைத்தது அவர் மனைவி. நட்ட வருடமே அந்த அம்மா இறந்துவிட்டார். ஞாயிறுதோறும் சிறுசேரி ஆபீஸ் பிள்ளைகள் கரையிலிருந்த சீமைக்கருவேலத்தைப் பிடுங்க வருவார்கள். தடித்த மரங்கள் அவர்களுக்கு மசியவில்லை. என்னைக் கூலிக்கு வைத்தார்கள். ஆறாவதோடு பள்ளியை விட்டவன் நான், எந்த வேலையிலும் மூன்று மாதம் நின்றதில்லை. அங்கே நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை, வெட்டுக்கத்தியைச் சாணை பிடிக்கச் செங்கல்பட்டு போயிருந்தேன். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் கரைக்கு வந்தால், கருவேலத்தை ஒட்டி நின்ற பதினொரு மருதங்கன்றுகளில் சிவப்புத் துணி. சவுக்குத் தோப்பில் வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் சிவப்பு கட்டுவார்கள். நெருக்கமாக இருப்பதைக் கழிக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். பதினொன்றையும் சாய்த்தேன்.

"வெட்டுக்கிளிகூட கொஞ்சம் மிச்சம் வைக்கும் மச்சான்," என்றான் வந்திறங்கிய ஆபீஸ் பிள்ளைகளில் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

"கட்னதத்தாண்ணா வெட்னேன்," என்றேன்.

அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். "எங்க வேலையில சிவப்பு கட்டினா தொடக்கூடாதுன்னு அர்த்தம் தம்பி. நீ தெரியாம கத்தி வச்சுடக் கூடாதேன்னுதான் கட்டினேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு இருந்துட்டேன்."

திட்டியிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன். அவர் கேன்களை இறக்கி, ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் வழக்கம்போல் அளவாகத் தண்ணீர் ஊற்றினார். கடைசிக் கட்டையில் கேனைக் கவிழ்த்த பிறகும் வெகுநேரம் நிமிரவில்லை. நான் என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெட்டின மருது அடியிலிருந்து துளிர்க்கும் என்று பல வருடம் கழித்து ஒருவர் சொன்னார். போய்ப் பார்க்க இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

கரையை விட்டுக் கிளம்பிய மறுநாள் காலை செய்யூரில் ஒரு சவுக்குத் தோப்பில் வேலை கிடைத்தது. அங்கேயும் சிவப்புத் துணி. "கட்னத வெட்டணுமா, வுடணுமா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"இன்னாடா, புதுசா வேலைக்கு வர்றியா? கட்னத வெட்டு."

பையிலிருந்த துணியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, முதல் மரத்தில் கத்தியை வைத்தேன்.