என் முகத்துக்குக் கிடைத்த இங்கிலீஷ் வார்த்தைகள்

ஏழு வயதில் பம்ப் ஸ்டவ் வெடித்து என் இடது கன்னமும் காதும் கழுத்தும் வெந்துபோயின. அதன் பிறகு கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்காரர்கள் என்னைப் பற்றித் தமிழில் பேச 'பாவம்' என்ற ஒரே வார்த்தையைத்தான் வைத்திருந்தார்கள். மிச்சத்தையெல்லாம் இங்கிலீஷில் பேசினார்கள். அகோரம் என்று என் காதுபடத் தமிழில் சொன்னால் அம்மா விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்துவிடுவாள். அதையே ஹாரிபிள் என்று சொன்னால் நாகரிகம். சொன்னவர் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து காபியும் குடித்துவிட்டுப் போவார்.

எந்த வார்த்தை யார் வாயில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். ஹாரிபிள் பெண்களுடையது. மின்சார ரயில் தாமதமானாலும் ஹாரிபிள், சாம்பாரில் உப்புக் கூடினாலும் ஹாரிபிள், என் கன்னமும் ஹாரிபிள். ரயிலோடும் உப்போடும் சேர்ந்து நானும் ஒன்று என்பதால் அது அவ்வளவாக வலிக்கவில்லை. டெரிபிள் என்பது டாக்டர்கள் சொல்வது. என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டே சொல்வார்கள். கோஸ்ட், அதாவது பேய், என்பது பல்லாவரத்தில் ரயில் ஏறும் காலேஜ் பையன்களுடையது, கூடவே ஒரு சிரிப்பும் வரும். அப்போது நான் திரும்பி, முகம் முழுவதையும் நன்றாகக் காட்டுவேன். பாதிப் பேர் அடுத்த ஸ்டேஷனில் பெட்டி மாறிவிடுவார்கள். எனக்கும் பொழுது போக வேண்டாமா.

ஃப்ரைட்டனிங் மட்டும் வேறு ரகம். நாலு புத்தகம் படித்தவர்கள்தான் அதைக் கையில் எடுப்பார்கள். ஹாரிபிள் என்றால் அது என் முகத்தைப் பற்றிய பேச்சு. ஃப்ரைட்டனிங் என்றால் என் முகம் அடுத்தவருக்குச் செய்கிற குற்றம். அந்த வார்த்தை எனக்கு முதன்முதலில் கிடைத்தது வேலை கேட்டுப் போன இடத்தில்.

எண்பதுகளின் கடைசி. இங்கிலீஷில் பி.ஏ. படித்து, டீச்சர் ட்ரெயினிங்கும் முடித்திருந்தேன். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் யு.கே.ஜி.க்கு டீச்சர் தேவை என்று கேட்டில் போர்டு தொங்கியது. எனக்கு வேறு எந்த வேலையின் மீதும் ஆசை இருந்ததில்லை. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் அத்தனையும் படித்தேன். பள்ளியை நடத்தியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவர் கரஸ்பாண்டன்ட், அந்தம்மா பிரின்சிபால். சர்டிபிகேட்டுகளைப் புரட்டினார்கள். பிறகு என்னை எதிரே வைத்துக்கொண்டு தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். தகுதியெல்லாம் சரிதான், ஆனால் குழந்தைகளுக்கு ஃப்ரைட்டனிங்காக இருக்குமே என்றார் அவர். வெரி ஃப்ரைட்டனிங் என்றாள் அந்தம்மா. இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு வந்தவள் முன்னால் இங்கிலீஷில் ரகசியம் பேசிய மகாபுத்திசாலிகள். பிறகு என் பக்கம் திரும்பி, சொல்லி அனுப்புகிறோம்மா என்று தமிழில் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் கீழ் வீட்டுப் பெண், ஜி.எஸ்.டி. ரோட்டில் டயர் கடை வைத்திருப்பவரின் மகள், அதே பள்ளியில் யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் என்னிடம்தான் பாடம் படிப்பாள். அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா என்று அவள் சொல்லட்டும் என்றேன். இங்கிலீஷிலேயே சொன்னேன். இருவர் முகமும் கறுத்தது. இருந்தாலும் ஆயாவை அனுப்பினார்கள்.

குழந்தை உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். பிறகு பள்ளியில் பழக்கியபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஆர் யூ ஸ்கேர்ட் ஆஃப் திஸ் ஆன்ட்டி?" என்று கேட்டாள் பிரின்சிபால்.

"எஸ் மிஸ்" என்றாள் குழந்தை, அந்தச் சிரிப்பு மாறாமலே.

அந்தப் பள்ளியில் மிஸ் எதைக் கேட்டாலும் எஸ் மிஸ்தான். சாப்பிட்டாயா, எஸ் மிஸ். நல்ல பெண்ணா, எஸ் மிஸ். காக்கா பறக்குமா, எஸ் மிஸ். ஸ்கேர்ட் என்ற வார்த்தைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியாது, தமிழில் கேளுங்கள் என்று சொன்னேன். இங்கே தமிழ் பேச அனுமதி இல்லை என்றாள் பிரின்சிபால். கரஸ்பாண்டன்ட் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார்.

"குழந்த பொய் சொல்லாதும்மா" என்றார்.

குட் கேர்ள் என்று முதுகில் தட்டி அவளை வகுப்புக்கு அனுப்பினார்கள். அவள் போகும்போது எனக்கு டாட்டா காட்டினாள்.

சாயங்காலம் வழக்கம்போல ஸ்லேட்டோடு மாடியேறி வந்தாள். எனக்குச் சொல்லிக்கொடுக்கவே பிடிக்கவில்லை. என் இடப்பக்கம்தான் ஜன்னல், வெளிச்சத்துக்காக அவள் எப்போதும் அந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவாள். அன்றும் அப்படியே உட்கார்ந்து என் வெந்த கழுத்தில் தலையை வைத்துக்கொண்டாள். நான் அழுதேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். ரெண்டு எழுத்து எழுதினாள், நிறுத்தினாள்.

"அக்கா, மிஸ் கேட்டாங்கல்ல, ஸ்கேர்டுன்னா இன்னாக்கா?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பிடிக்கும் என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பாள். ஆனால் தப்பான அர்த்தம் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் டீச்சர், அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும். ஸ்கேர்டு என்றால் பயம், இருட்டைப் பார்த்து வருமே, பூச்சாண்டியைப் பார்த்து வருமே, அது என்று சொன்னேன். என்னைப் பார்த்து உனக்கு அப்படி இருக்கிறதா என்றுதான் மிஸ் கேட்டார்கள் என்றும் சொன்னேன்.

அவள் தலையை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷமாகப் பார்த்த முகம்தான். கன்னத்திலிருந்து கழுத்துவரை மெதுவாகப் பார்த்து முடித்தாள். பிறகு ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, வெளிச்சம் இல்லாத வலப்பக்கத்தில் போய் உட்கார்ந்து, மிச்ச எழுத்துகளை எழுதினாள்.