நொட்டாங்கை என்று எழுதிய டெக்கல்

பெயின்ட்டுக்கு மேல் பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் கோட்டில், அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்துவிட்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். நேரம் போனால் கப்பிலேயே இறுகிவிடும். அப்படிக் கலந்து, ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்த நேரத்தில்தான் என் கடை வாசலில் நின்று முத்துராஜ் கத்தினார்.

"அண்ணாச்சி, அடிச்சிராதீங்க!"

ராஜபாளையத்தில் முப்பது வருடம் பைக் டேங்குக்குப் பெயின்ட் அடித்தவன் நான். கிட்டார் என்று என்னிடம் வந்தது முத்துராஜுடையது ஒன்றுதான். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். பலகையைத் தானே அறுத்து, இழைத்து எலெக்ட்ரிக் கிட்டார் செய்திருந்தார். அன்றைக்கு மூன்றாம் நாள் அவர் தங்கச்சி மகள் கல்யாணத்தில், பட்டாளத்து நண்பர்கள் முன்னால் வாசிக்க வேண்டும்.

பிரைமர், நீலப் பெயின்ட், வாட்டர் பேப்பர் எல்லாம் எனக்குப் பழகிய வேலை. இந்த எழுத்து ஒட்டும் டெக்கல்தான் புதிது. வண்டி ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டுவதில்லை. தண்ணீரில் நனைத்தால் வெங்காயத்தோல் மாதிரி காகிதத்திலிருந்து வழுக்கி வரும். ஒன்றே ஒன்றுதான் தந்திருந்தார். இன்னொன்று கூரியரில் வர ஒரு வாரம் ஆகும். அதில் பெரிய எழுத்தில் 'நொட்டாங்கை' என்று இருந்தது. இடது கையைப் போய் யாராவது பேராக வைப்பார்களா என்று சிரித்துக்கொண்டேன்.

ஒட்டும் முன் போனில் ஒரு கிட்டார் படத்தைப் பார்த்தேன். இவருடையதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நாப் ஓட்டைகள் எல்லாம் எதிர்ப்பக்கம் இருந்தன. முதல் தடவை செய்கிறவர், அளவு அட்டையைத் திருப்பி வைத்து வெட்டிவிட்டார் என்று முடிவு கட்டினேன். சொன்னால் வருத்தப்படுவார் என்று பெரிய மனுஷத்தனமாக, படத்தில் உள்ளபடியே தலைப்பகுதியில் ஒட்டினேன்.

முத்துராஜ் உள்ளே ஓடிவந்து அதைத்தான் காட்டினார். "தலைகீழா இருக்கே அண்ணாச்சி!"

"படத்துல இப்படித்தான தம்பி இருக்கு?"

எப்போதும் பேன்ட் பாக்கெட்டிலேயே இருக்கும் இடது கையை வெளியே எடுத்தார். இரண்டு விரல் இல்லை.

"பட்டாளத்து ஒர்க்‌ஷாப்புல போச்சு. இந்தக் கையி கம்பிய அமுக்காது. அதான் மாத்திப் பிடிக்கேன், அப்படிப் பிடிச்சா எழுத்து தலைகீழாத் தெரியும். சோத்தாங்கையால அமுக்கி, இதால மீட்டுதேன். நாலு வருசமாப் பழகுதேன். பட்டாளத்துப் பயலுவ எனக்கு வச்ச பேருதான் நொட்டாங்கை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேலே கிளியர் அடித்திருந்தால் டெக்கலைப் பிரிக்கவே முடியாது, கதை முடிந்திருக்கும். ஒட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்பதுதான் ஒரே நம்பிக்கை.

பேண்டேஜ் துணி நெய்கிற எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? வெந்நீரில் நனைத்து டெக்கல் மேல் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் தொட்டேன். அசையவில்லை. மறுபடி நனைத்தேன். கப்பில் கிளியர் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். பத்தாவது நிமிடம் ஓரம் நகர்ந்தது. திருப்பப் போனேன், 'நொ' மடங்கிக்கொண்டது. என் தடித்த விரலுக்கு அது விரியவில்லை.

"தள்ளுங்க அண்ணாச்சி. நான் திருப்புதேன், நீங்க தண்ணி விடுங்க."

அந்த மூன்று விரலால்தான் திருப்பினார். நான் பிரஷ்ஷால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். மடிப்பு விரிந்தது. 'நொ'வின் கொம்பில் நூலளவு கிழிசல், அவ்வளவுதான்.

நன்றாகக் காயவைத்து, புதிதாகக் கிளியர் கலந்தேன். முதல் இரண்டு கோட்டைத் தூறலாகத்தான் அடிக்க வேண்டும். நனைய அடித்தால் கிளியரில் உள்ள தின்னர் டெக்கலின் மையைக் கரைத்துவிடும்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேடையில் அவருடைய இடது கை பாக்கெட்டில் இல்லை.

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு, டெக்கல் எப்படி ஒட்டுவதென்று காட்ட போனிலேயே நிறைய இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான்: ஒட்டும் முன் அதைப் படியுங்கள். அவர் பெரிய எழுத்தில் சொல்லித்தான் கொடுத்திருந்தார். நான் சிரித்துவிட்டு ஒட்டினேன்.