சட்டம் கேட்காத சட்டப் பரீட்சை

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நானும் கலாராணியும் ஒன்றாக வேலை செய்தோம். தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறியதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. அவள் இரண்டு தொட்டிலை ஒரே நேரத்தில் ஆட்டுவாள். மடியில் ஒரு புத்தகமும் இருக்கும். உயர்தரம் வரை படித்த பெண் எங்கள் டிவிசனில் அப்போது அவள் ஒருத்திதான்.

அவளுடைய அப்பா நல்லையாவைத் தோட்டத்தில் வேலையிலிருந்து நிறுத்தியபோது, பதுளையில் வழக்கு நடந்தது. பேச்செல்லாம் சிங்களம். மூன்று தவணையும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். வென்றாரா தோற்றாரா என்பதையே கடைசிக் கடதாசியைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் காட்டித்தான் தெரிந்துகொண்டார். தோற்றிருந்தார். நம்முடைய ஆட்களோடு தமிழில் பேசுகிற லோயராக வரப்போவதாகக் கலாராணி சொன்னது அந்த வாரந்தான்.

சட்டக் கல்லூரிக்குள் போக ஒரு பரீட்சை உண்டு. சட்டப் பரீட்சை என்றால் சட்டந்தானே கேட்பார்கள்? தோட்டத்தில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. தொழிற்சங்கத் தலைவர் தொழிற்சட்டப் புத்தகம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். பண்டாரவளையில் ஸலீம் நானாவின் கடையில் பழைய புத்தகம் இரண்டு கிடைத்தன. நாங்கள் தேவாரம் பாடமாக்கியது போலவே அவளும் பாடமாக்கினாள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வேன், அவள் ஒரு சொல் தவறாமல் ஒப்பிப்பாள். பால் போத்தல் கழுவும்போதும் பிரிவு இலக்கம் சொல்வாள். எனக்கே பாதி பாடமாகிவிட்டது.

தொண்ணூற்றாறில் கொழும்புக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவளின் முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

"சட்டத்துல ஒரு கேள்விகூட வரலக்கா," என்றாள்.

தெரிவாகவில்லை. நம்ம பிள்ளை போகுது என்று தெரிந்து கேள்வியை மாற்றிவிட்டார்கள் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனாள். அப்பாவின் வழக்கு முடிந்தபின் பழக்கமான தர்மராசா ஐயா அங்கே ஒரு லோயரிடம் கிளாக்காக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவள் ஒப்பித்ததைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பிள்ளை, சட்டம் உள்ளுக்குப் போன பிறகு அவையே படிப்பிப்பினம். ஒண்டை வாசிச்சு விளங்குதோ, விளங்கினதைச் சுருக்கிச் சொல்லத் தெரியுமோ எண்டுதான் வாசல்ல பாக்கினம்."

பழைய வினாத்தாள்கள் சிலவற்றைத் தேடிக் கொடுத்தார். மொழி, பொது அறிவு, யோசித்துக் கண்டுபிடிக்கிற புதிர்க் கணக்குகள். நீளமான பந்தி ஒன்றைக் கொடுத்து மூன்றில் ஒரு பங்காக எழுதச் சொல்லியும் இருந்தது.

பொது அறிவுக்கு ரேடியோச் செய்தியும் பேப்பரும் உதவின. புதிர்கள் அவளுக்கு விளையாட்டு மாதிரி. பந்தியைச் சுருக்குவதுதான் வரவில்லை. எழுதிப் பார்த்தால் கொடுத்ததைவிட நீண்டிருக்கும். ஒரு சொல்லையும் விடாமல் படித்துப் பழகியவள், விடச் சொன்னால் எதை விடுவாள்? சாமி பாட்டில் வரியை விழுங்குவது போலக் கை கூசுகிறது என்று என்னிடமே சொன்னாள்.

வழியை அவளே கண்டுபிடித்தாள். பகலில் பால் கொடுக்க வருகிற தாய்மார் பிள்ளையை மடியில் போட்டதும் தங்கள் குறைகளைத் தொடங்குவார்கள். மாமியார், கங்காணி, ஒழுகுகிற கூரை. அவற்றைக் கேட்டு அவள் கொப்பியில் சுருக்கி எழுதத் தொடங்கினாள். எழுதியதை அவர்களுக்கே வாசித்தும் காட்டுவாள். ஒருநாள் அங்கே எட்டிப் பார்க்க வந்த அவளுடைய அம்மா அங்கம்மாவே மாட்டிக்கொண்டாள்.

"ஏன்டி, நான் அரைமணி நேரமா தொண்டத்தண்ணி வத்தப் பேசுனேன். ரெண்டு வரியில முடிச்சிட்ட?"

"ரெண்டு வரிதாம்மா இருந்துச்சு. மிச்சமெல்லாம் அத்தையத் திட்டுனது."

பெண்கள் சிரித்ததில் தூங்கிய பிள்ளைகள் எழுந்துவிட்டன. அதற்குப் பிறகு தோட்டத் துரையிடம் ஏதாவது கேட்கப் போகிறவர்கள் முதலில் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, எதை முன்னால் சொல்வது, எதை விடுவது என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருடம் மறுபடி போனாள். நான் அம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு இருந்தேன். திரும்பி வந்தவள் தானாகவே பேசினாள்.

"மீன்பிடித் துறைமுகத்தப் பத்திப் பந்தி குடுத்திருந்தாங்கக்கா. நான் கடலப் பாத்ததே அதுக்கு மொத நாளுதான். ஆனா எத விடணும்னு தெரிஞ்சிச்சு."

தோட்டத்து ஆட்களுக்கு வருகிற கடிதங்களைக் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பரீட்சை முடிவு வந்த அன்று, அங்கே பேர் கொடுக்க நின்ற அங்கம்மாவின் கையில்தான் கணக்கப்பிள்ளை கலாராணியின் கடிதத்தைக் கொடுத்தார். அவள் மலைக்குப் போகாமல், லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி கொத்திக்கொண்டிருந்த புருஷனையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். கலாராணி கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். தெரிவாகியிருந்தாள்.

அங்கம்மா அழுதாள். எனக்கு வாயில் ஈசுவரா என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. நல்லையா மட்டும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"அப்ப நீ கோட்டுல பேசுனா எனக்கு வெளங்குமா?"

"கோட்டுல எப்படிப் பேசச் சொல்லுவாங்களோ தெரியலப்பா. ஆனா வெளிய வந்து என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குச் சொல்லாம வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். அது போதும் என்றார்.

பிந்திப் போனதால் அங்கம்மாவுக்கு அன்று அரை நாள் சம்பளத்துக்குத்தான் பேர் போட்டார்கள். அதைப்பற்றி அவள் யாரிடமும் குறை சொல்லவில்லை.