அக்காவுக்கு ஒதுக்கிய மூன்றாவது நாள்

தீம் பார்க்கில் எத்தனை நாள் இருப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை நடந்தது. என் பிள்ளைகளில் பெரியவளுக்கு மூன்று நாள் வேண்டும். என் கணவருக்கு ஒரு நாளே அதிகம். ஜோகூர் வரை காரோட்டப் போகிறவர் அவர்தான் என்பதால் போவதற்கு முன்பே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாள் கணக்கைப் பற்றிக் கவலையில்லை, சின்னவனைப் பற்றித்தான் கவலை. அவனுக்கு நான்கு வயது, உயரம் பத்தாது. ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் அளந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனோடு நிழலில் உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நானாக இருக்கக் கூடாது.

ஆள் கைவசம் இருந்தாள். என் அக்கா. நாற்பத்தெட்டு வயது, கல்யாணமாகவில்லை. புக்கிட் ரம்பாயில் தனியாக வாடகைக்கு இருந்துகொண்டு, பக்கத்து ஊரான செங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் குடும்பத்துக்கு அந்த ஆண்டி அக்காதான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவளைக் கூப்பிடுவேன், எனக்கு ஆபிஸில் மீட்டிங் என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவேன்.

போன் போட்டதும் தயங்கினாள்.

"ரெண்டு நாளுக்கு மேல சூப்பர்வைசர் லீவு தரமாட்டான்டி. நான் வந்து என்னா பண்ணப்போறேன்? கீழ நின்னு கைகாட்டவா?"

ரெண்டு நாள் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அவள் வராமல் போய்விடுவாளோ என்று பயந்து அந்த இடத்திலேயே மூன்று நாளாக்கினேன்.

"மூணு நாள் போவோம்க்கா. முத நாள் ராட்டினம், ரெண்டாவது நாள் தண்ணி விளையாட்டு. மூணாவது நாள் முழுக்க உனக்குத்தான். சின்னவன நான் பாத்துக்கிறேன். நீ எதுல வேணும்னாலும் ஏறு."

குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அந்த ரோலர் கோஸ்டர்லயும் ஏறலாமா?"

வேலை இடைவேளையில் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாளாம். "ஒரு தடவையாவது வாய்விட்டுக் கத்தணும்டி. இங்க மெஷின் சத்தத்துல கத்தினா நமக்கே கேக்காது."

எலிப்பொறியில் கருவாடு வைக்கிற மாதிரி நான் வைத்தேன், அவள் வந்தாள். மறுநாளே கூப்பிட்டு, "மூணு நாளும் லீவு கெடச்சிருச்சு லா" என்றாள். எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

பள்ளி விடுமுறையில் போனோம். முதல் நாள் வரிசையில் நிற்கும்போது ஓர் அறிவிப்புப் பலகையைப் படித்தேன். சின்னப் பிள்ளையோடு வருபவர்களில் ஒருவர் ஏறி இறங்கியதும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர் வரிசையில் நிற்காமலே ஏறிக்கொள்ளலாம் என்று மலாயில் பெரிதாக எழுதியிருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஏறுவாள். அவள் ஏறினால் நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் இருந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

இரண்டு நாளும் அவள் எங்கள் பைகளையும் சின்னவனையும் வைத்துக்கொண்டு நாங்கள் இறங்கும் இடங்களில் எல்லாம் காத்திருந்தாள். இரண்டாம் நாள் மதியம், ரோலர் கோஸ்டர் வாசலில் நின்ற மலாய்ப் பையனிடம் ஐம்பதை நெருங்கிய பெண்கள் ஏறலாமா என்று விசாரித்துவிட்டு வந்தாள். "ஏறலாமாம்! கண்ணாடிய மட்டும் கழட்டணுமாம். நாளைக்கு நீ வச்சுக்கடி" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த வயதில் இவளுக்கு இது ஒரு கேடா என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் பெரியவள் வாந்தி எடுத்தாள். என் தோள் வெயிலில் தீய்ந்து கிடந்தது. "காலையிலேயே கிளம்பிடலாம்" என்றேன்.

என் கணவர்கூட, "அக்கா மட்டும் கொஞ்ச நேரம் போயிட்டு வரட்டுமே" என்றார்.

"தனியாப் போயி என்னா பண்ணும் அது? எங்கயாச்சும் விழுந்து வச்சா யாரு பாக்குறது?" என்று அவள் முன்னாலேயே சிரித்தேன்.

அக்கா சின்னவனின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். "ஆமா லா. பிள்ளைங்க பாவம், போவோம்" என்றாள். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. நான் ஆற்றைக் கடந்துவிட்டேன்.

அந்த வருடத் தீபாவளி வந்தது. காலையில் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள், பரிமாற அக்காவைக் காணோம். கோபத்தோடு போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள், பின்னால் இரைச்சல்.

"வேலையில இருக்கேன்டி. இப்பதான் பிரேக்."

"தீபாவளிக்கு என்னாக்கா வேலை?"

அவள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. நோன்புப் பெருநாளன்று மலாய்க்காரர்களுடைய ஷிப்டில் நம்மவர்கள் நிற்பார்கள், தீபாவளியன்று நம்முடைய ஷிப்டில் அவர்கள் நிற்பார்கள். அக்காவும் ஒரு மலாய்க்காரப் பெண்ணுக்காகப் பெருநாளன்று நின்றிருந்தாள். அதற்குப் பதிலாகக் கிடைக்க வேண்டிய தீபாவளி லீவைத்தான், தீம் பார்க்கின் மூன்றாவது நாளுக்காக மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

"சூப்பர்வைசர் ரெண்டு நாள்தானே குடுத்தான். அதான் அந்த மலாய்க்கார அக்காவ அன்னைக்கு நிக்கச் சொன்னேன்" என்றாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல.

அந்த மூன்றாவது நாள் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். வாய் மட்டும் திருந்தவில்லை. "உன்ன யாரு மாத்தச் சொன்னா? நான் சொன்னேனா?"

"இல்ல. நீ சொல்லல" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

கூடத்துக்குத் திரும்பினேன். சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருந்த என் கணவரின் அத்தை, "எங்கேம்மா ஒன் அக்கா?" என்று கேட்டார். கூடம் நிறைய ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"வேலைக்குப் போயிருச்சு அத்தை. பப்ளிக் ஹாலிடேன்னா டபுள் சம்பளம்ல. விடுமா?" என்றேன்.

"பிள்ளையா குட்டியா, சேத்து வச்சு யாருக்குக் குடுக்கப்போறா?" என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஷிப்ட் முடிந்து, யூனிபார்மோடு அக்கா வந்தாள். பிள்ளைகளுக்குப் பட்டாசும் பிஸ்கட் டின்னும் வாங்கி வந்திருந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"வாம்மா பணக்காரி! தீபாவளிகூட வேணாம், டபுள் சம்பளம்தான் பெருசுன்னு ஒன் தங்கச்சி சொல்லிச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மானம் அத்தனை பேர் முன்னாலும் போய்விடும். என் கையில் இருந்த தண்ணீர் ஜக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ஆமா அத்தை" என்றாள் அக்கா. "எனக்குக் காசு ஆசை ஜாஸ்தி."