தே ஓ பையில் கட்டிய கொம்புகள்

எனக்குக் கொம்பு முளைக்கப் போகிறது என்று நான் முடிவுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை. பண்டமாரானில் வீட்டில் சும்மா இருந்தால் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டே இருப்பேன் என்று, அம்மா என்னைச் சுங்கை பூலோவிலுள்ள சித்தப்பாவின் செடிக்கடைக்கு அனுப்பிவிடுவார். அங்கே போய்ப் பயப்படட்டும் என்று நினைத்திருக்கலாம்.

கடைக்குப் பின்னால், வேலிக்கு அப்பால், கொஞ்சம் காடு மிச்சம் இருந்தது. சனி ஞாயிறு கார்கள் வரிசையாக வந்து நிற்கும் என்பதால், அதற்கு முன்பே கடைச் செடிகளின் இலைகளை ஈரத்துணியால் துடைத்துப் பளபளப்பாக்குவது என் வேலை. எல்லோரும் மேல்பக்கத்தைத்தான் துடைப்பார்கள். நான் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பேன். பாம்பு இருந்தால்?

பாம்பு இல்லை. வேலியோரத்துக் காட்டு இஞ்சியில், இலையின் நடு நரம்பைக் கடித்தபடி ஒரு கறுப்பு எறும்பு செத்திருந்தது. அதன் பிடரியிலிருந்து தையல் நூல் கனத்தில் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன். கொம்பு அசைந்தது, எறும்பு பிடியை விடவில்லை. பக்கத்து இலைகளிலும் அப்படியே. அதற்குப் பிறகுதான், தொட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஒரு கையால் என் பிடரியைத் தடவிக்கொண்டே, தள்ளி நின்று அந்தக் கொம்புகளைப் பார்த்துவிட்டு வருவேன். அவை வளர்ந்தன. எனக்கு இன்னும் தொடங்கவில்லை என்பது ஓர் ஆறுதல். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, சித்தப்பா தே ஓ ஐஸ், அதாவது பால் விடாத ஐஸ் தேநீர், வாங்கிக் குடித்த பிளாஸ்டிக் பைகளைக் கழுவி, மூன்று இலைகளின் மேல் மாட்டி, அந்தப் பைகளோடு வந்த ராஃபியா கயிற்றாலேயே இறுக்கிக் கட்டினேன். உள்ளே இருப்பது வெளியே வந்துவிடக் கூடாதல்லவா.

வெள்ளிக்கிழமை சித்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். நான் தலையைக் கொடுக்கவில்லை.

“தலையில பேன் இருக்கா? பள்ளிக்கூடத்துலேருந்து கொண்டாந்துட்டியாடி?”

“இல்ல சித்தி.”

“அப்ப காட்டு.”

பேன் சீப்பு பிடரியில் பட்டதும், “கொம்ப ஒடைச்சிடாதீங்க சித்தி!” என்று கத்திவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. சித்தப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. ஒரு வாளியில் மஞ்சளைக் கரைத்தார். முதல் குவளை என் தலையில். மீதி முழுவதும் வேலியோரத்துச் செடிகளின் மேலும் கீழும்.

மறுநாள் ஒரு வாடிக்கையாளர் வந்தார். பல்கலைக்கழகத்தில் பூஞ்சை பற்றிப் பாடம் நடத்துபவர். சித்தப்பா அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். செடியை விட்டுவிட்டுத் தொட்டியில் பூத்த காளானுக்கு விலை கேட்கிற ஆள்.

“டீச்சர், எங்க அண்ணன் மகளுக்குக் கொம்பு மொளைக்குதாம். வந்து பாருங்க லா,” என்று சித்தப்பா கதையைச் சொன்னார்.

டீச்சர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டு வேலியை நோக்கி ஓடினார். இலைக்கு இலை மஞ்சள்.

“ஐயோ அக்கா, மஞ்சத்தண்ணியா ஊத்தினீங்க? பூஞ்சைக்கு ஆவாதே!”

“அதுக்குத்தானே ஊத்துனேன்,” என்றார் சித்தி பெருமையாக.

டீச்சரின் முகம் அழப் போகிற பிள்ளையின் முகம் போல ஆகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. “இன்னும் மூணு இருக்கு ஆன்டி. ஆனா தொறக்கக் கூடாது,” என்று, இலைகளுக்குள் மறைந்திருந்த தே ஓ பைகளைக் காட்டினேன்.

அவர் சேற்றில் அப்படியே மண்டியிட்டார். பைக்குள் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. லென்ஸை வைத்துப் பார்த்தார், எழுந்து சித்தியைக் கட்டிப்பிடித்தார், மறுபடி மண்டியிட்டார். கொம்பு எந்த நாளில் எவ்வளவு இருந்தது என்று என்னைக் கேட்டார். திங்கட்கிழமை அரை நகம், புதன் ஒரு நகம் என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். என் கவலையை ஒருவர் எழுதிக்கொண்டது அதுவே முதல் முறை.

“மனுசங்களுக்கு வருமா ஆன்டி?”

“வராதும்மா. இந்தப் பூஞ்சைக்கு எறும்புதான் வேணும். அதுலயும் எல்லா எறும்பும் வேண்டாம், ரொம்பப் பார்த்துத்தான் எடுக்கும்.”

பாதி நம்பினேன்.

அடுத்த ஆண்டு விடுமுறையில் டீச்சர் ஒரு கேக் பெட்டியோடு வந்தார். நுண்ணோக்கியில் பார்த்து, இதுவரை எழுதிவைத்த எல்லாப் பூஞ்சைகளோடும் ஒப்பிட்டாயிற்றாம், எதனோடும் பொருந்தவில்லை, இது புது இனம்தானாம். சித்தி அங்கே செடி பார்த்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, “எங்க கடை எறும்புங்க!” என்று கேக் கொடுத்தார். மஞ்சளைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூன்றாம் பாரத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்திவிட்டு இப்போது அதே கடையில்தான் நிற்கிறேன். இலையின் அடியைப் பார்க்காமல் இன்னமும் ஒரு தொட்டியும் விற்பதில்லை. பயந்து பயந்து பார்ப்பதும் பார்ப்பதுதான் என்று அன்று யார் சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது.

கேக் கொடுத்த அன்று டீச்சர் என் தோளைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: “இத இவளுக்கு முன்னாடி யாரும் பார்த்துச் சொன்னதே இல்ல. இவதான் மொத ஆளு!”

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு முன் யாருக்கும் இந்தக் கொம்பு நோய் இல்லையென்றால், இது என்னிடமிருந்துதானே ஆரம்பித்திருக்க வேண்டும்? அதற்கு ஏன் இவர்கள் இவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள்? ஒரு கையால் பிடரியைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கேக் தின்றேன்.