வாய்க்கால் வந்தால் எரியும் விளக்கு

அந்த பல்புக்குள் இருந்த கம்பியின் நிறம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அறுபது வாட் பல்பு. நல்ல நாளில் வெள்ளையாக எரியும். கெட்ட நாளில் வற்றல் மிளகாயின் நிறத்தில் ஒரு நூல் மட்டும் உள்ளே தொங்கும். அந்த வெளிச்சத்தில் பல்பைப் பார்க்கலாம். வேறெதையும் பார்க்க முடியாது. கூடவே மின்விசிறியும் சோர்ந்து, மூன்று இறக்கைகளையும் நிதானமாக எண்ணும்படி சுற்றும். நான் எதையும் எண்ணுகிறவன். எனக்கே அது அலுத்துப்போனது.

அந்த அறை என் மாமனார் வீட்டு மச்சு. ஓட்டுக்குக் கீழே மரப்பலகை பாவி, நெல் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியது. குத்தகைதாரர்கள் தங்கள் பெயரைச் சர்க்காரில் பதிவு செய்துகொள்ளத் தொடங்கியிருந்த காலம் அது. குத்தகை நெல் பாதியாகக் குறைந்து, மச்சு காலியானது. அந்தச் சமயத்தில்தான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பள்ளிக்கு நான் ஆசிரியராக மாற்றலாகி வந்தேன். மாமனார் மச்சுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னல் வைத்து, மின்சாரமும் இழுத்துவிட்டார். "நெல்லுதான் ஏறல, மாப்பிள்ளையாவது ஏறட்டும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். இரண்டு மாதத்தில் வேறு வீடு பார்த்துவிடுவேன் என்று நான் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தது நான்கு வருடம்.

விளக்கு படுத்தது முதல் கோடையில். கீழ்வீட்டு விளக்குகள் நன்றாக எரிந்தன. மச்சில் மட்டும்தான் இந்தக் கண்றாவி. பல்பை மாற்றினோம், ஹோல்டரை மாற்றினோம், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினோம். எங்கே ஷாக் அடித்துவிடுமோ என்று நான் ரப்பர் செருப்போடுதான் படுக்கவே போவேன். மாமனாரோ நோயைக் கண்டுபிடித்துவிட்டார். கொல்லை வாய்க்காலுக்கு அப்பால் இருந்த அவருடைய வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவரோடு வயலைத் திரும்பப் பெற அவருக்குக் கோர்ட்டில் வழக்கு நடந்தது. இரண்டு வருடமாகப் பேச்சில்லை. பெயரைக்கூடச் சொல்லமாட்டார், "பின்வயல்" என்பார்.

"கவனிச்சுப் பாத்தேன் மாப்பிள்ளை. பின்வயல்ல தண்ணி நிக்கிறப்ப வெளக்கு நல்லா எரியுது. வயல் காஞ்சா அழுவுது. காஞ்சா என்ன செய்வான்? மோட்டார் போடுவான். நம்ம கரண்ட்டுல."

"அவருகிட்ட மோட்டாரே இல்லீங்களே மாமா?"

"திருடுறவன் மோட்டாரை வெளியில வச்சா காட்டுவான்?"

மாமனார் என்னிடமே மின்சார ஆபீசுக்கும் போலீசுக்கும் மனு எழுதித் தரச் சொன்னார். மின்சாரத் திருட்டு என்று ஒரு வழக்குப் பதிவானால் போதும், நில வழக்கு தானாக விழுந்துவிடும் என்றார். விழுந்தால் பின்வயல்காரருக்கு வயல் போகும். அவர் வீட்டில் அடுப்பெரிய வேறு வழி கிடையாது. மாமனார் வீட்டிலிருந்துகொண்டு மறுக்க முடியாமல் காகிதமும் பேனாவும் எடுத்தேன். 'ஐயா' என்று தொடங்கி, ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ஒரு சொல்லோடு மச்சில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது காகிதம் வெளுத்தது. நிமிர்ந்தால் பல்பு பிரகாசமாக எரிகிறது. ஜன்னல் வழியாகப் பின்வயலை எட்டிப் பார்த்தேன், வெடித்துக் கிடந்தது. கீழே வாய்க்காலோரம் மாமியார் காலித் தவலையோடு நின்றார். மாடு அன்றைக்குக் கழுநீர் குடிக்காததால் மொத்தத்தையும் அங்கே கொட்டியிருக்கிறார். கொட்டிய இடத்தில் ஓர் இரும்புக் கம்பி மண்ணில் புதைந்து நின்றது. அதிலிருந்து ஒரு ஒயர் சுவரேறி மச்சுக்கு வந்தது.

"அத்தை, இன்னொரு குடம் ஊத்துங்க" என்றேன். ஊற்றினார். மின்விசிறியின் இறக்கைகள் எண்ண முடியாதபடி ஒன்றாகிவிட்டன.

"ஏன் மாப்பிள்ளை, கம்பிக்குமா தாகம் எடுக்கும்?" என்றார் மாமியார்.

மறுநாள், மச்சுக்கு மின்சாரம் இழுத்த வயர்மேன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மின்சாரம் வர ஒரு ஒயர், திரும்பிப் போக ஒரு ஒயர் வேண்டும். மச்சுக்குத் திரும்பிப் போகும் ஒயரே இல்லை. மண்ணில் அடித்த கம்பியோடு முடிந்திருந்தது. மண் ஈரமாக இருந்தால் மின்சாரம் போகும், காய்ந்தால் திணறும். "நாந்தான் அப்பவே சொன்னேனேங்க. ரெண்டாவது ஒயர் எதுக்கு, பூமாதேவி தாங்கமாட்டாளான்னு நீங்கதான் கேட்டீங்க" என்றார் மாமனாரிடம். மாமனார் ஓட்டில் ஏதோ ஒழுகுவதைப் போல வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மனுக் காகிதத்தை வாங்கி மாமியாரிடம் அடுப்புக்குக் கொடுத்தார்.

அன்று மாலை அவர் வரப்பில் போய் நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பின்வயல்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தண்ணி எப்பப்பா வைக்கப்போற?"

"ஆத்துல வந்தாத்தானேங்க. என்ன, திடீர்னு அக்கறை?"

மாமனார் எல்லாவற்றையும் சொன்னார், மனுவைத் தவிர. பின்வயல்காரர் சிரிக்கவில்லை, மச்சைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். "அப்ப கேசுல நீங்க ஜெயிச்சு நான் வெளியேறிட்டா, வயலுக்குத் தண்ணி வைக்க ஆளில்லாம மாப்பிள்ளை இருட்டுலதானேங்க கெடக்கணும்?" என்றார். முதலில் சிரித்தது மாமனார்தான். வழக்கு அடுத்த வாய்தாவுக்குப் போனது, அதற்கடுத்த வாய்தாவுக்கும் போனது. பிறகு மாமனார் போவதை நிறுத்திவிட்டார். வயலைப் பின்னாளில் பின்வயல்காரருக்கே கிரயம் செய்து கொடுத்தார்.

அந்த வாரமே இரண்டாவது ஒயர் இழுத்தாயிற்று. இருந்தும் ஒவ்வொரு வருடமும் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்ததும் பின்வயல்காரர் வரப்பிலிருந்து குரல் கொடுப்பார்: "வாய்க்கால் வந்துடுச்சுங்க, வெளக்கு எரியுதா?" மாமனார் மச்சைப் பார்க்காமலே, "எரியுது, எரியுது" என்பார்.

இப்போது தஞ்சாவூரில் என் வீட்டில் எல்லாம் புது விளக்கு. தொட்டதற்கெல்லாம் தானே அணைந்துகொள்ளும் ஸ்விட்ச் வேறு. அது ஏன் அணைந்தது என்று கவலைப்படுவது என் வேலை. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார் எலக்ட்ரீஷியன். சனிக்கிழமைதோறும் ஒன்பது சொம்பு ஊற்றுகிறேன். மாமனாரும் பின்வயல்காரரும் இல்லை. ஆனால் போன வாரம் பின்வயல்காரரின் மகன் போன் செய்தார்.

"வாய்க்கால் வந்துடுச்சுங்க சார். வெளக்கு எரியுதா?"

"எரியுதுப்பா" என்றேன். சொன்னபிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.